வேதம் யார் பக்கம்?

மனிதனைத் திருத்துவதற்காக வேதம் அருளப்பட்டது. மனிதனோ, தன்னைத் திருத்திக்கொள்வதைவிட வேதத்தைத் தன் சௌகரியத்துக்குத் தக்கபடி வளைத்துக்கொள்வது எளிது என்று கண்டுகொண்டான். இதற்கு எழுத்தை அழிக்க வேண்டுவதில்லை. ஒரு வசனத்தை உரத்த குரலில் ஓதி, அடுத்த வசனத்தை மெல்லக் கடந்துவிட்டால் போதும். இந்த வித்தையில் எந்தச் சமூகமும் இன்னொரு சமூகத்துக்கு இளைத்ததன்று.

இதனை விளக்குவதற்கு, அடிமை முறையைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் தமக்குள் நடத்திய நீண்ட வாதத்தை எடுத்துக்கொள்கிறோம். அவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. வேதமுடையோர் என்று திருமறை அவர்களை அழைக்கிறது. நாமும் வேதமுடைய சமூகமே. ஆகவே அவர்கள் வழுக்கிய இடம் நமக்கும் வழுக்கக்கூடிய இடமாகும். அதிலும், கடையும் கல்லாவும் உடைய நமக்கு, ஊரிலிருந்து ஆட்களை வரவழைத்து வேலை வாங்கும் நமக்கு, இந்த வரலாறு வெறும் பழங்கதையாக இருக்க முடியாது.

தரங்கம்பாடியில் எழுந்த கேள்வி

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் தமிழ் லுத்தரன் திருச்சபையின் ஆலயம் இருப்பதை நம்மவர் அறிவர். அந்தச் சபையின் வேர் நம் சோழ மண்டலக் கரையில், காரைக்காலுக்குச் சற்று வடக்கே உள்ள தரங்கம்பாடியில் இருக்கிறது. டேனிஷ்காரர்களின் கோட்டை இருந்த அவ்வூரில் 1706-ம் வருடம் சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் வந்து இறங்கினார். தமிழைக் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியவர் அவர். 1707-ம் வருடம் மே மாதம் அவர் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐவர் யார் தெரியுமா? டேனிஷ் துரைமார் வீடுகளில் இருந்த அடிமைகள்.

அதற்கு முதல் நாள் வரையில் அவர்கள் துரையின் சொத்து. மறுநாள் அதே துரைக்கு அவர்கள் மார்க்கச் சகோதரர்கள். சகோதரனைச் சொத்தாக வைத்திருக்கலாமா? ஞானஸ்நானத் தண்ணீர் அடிமைச் சங்கிலியைக் கரைக்குமா, கரைக்காதா?

இக்கேள்விக்கு அமெரிக்காவின் வர்ஜீனியா குடியேற்றம் நாற்பது வருடங்களுக்கு முன்பே விடை எழுதி வைத்திருந்தது. ஞானஸ்நானம் பெறுவதால் ஒருவனுடைய அடிமை நிலை மாறாது என்று 1667-ம் வருடம் அங்கே சட்டம் செய்தார்கள். அதற்குச் சொன்ன காரணமும் கவனிக்கத் தக்கது. சொத்துப் போய்விடுமோ என்ற ஐயம் நீங்கினால் எஜமானர்கள் தம் அடிமைகளைக் கிறிஸ்தவர்களாக்க மனமுவந்து இடங்கொடுப்பார்களாம்! ஆன்மாவுக்கு மோட்சம், உடம்புக்கு விலங்கு. புண்ணியமும் கிடைத்தது, முதலும் கைவிட்டுப் போகவில்லை.

ஒரு நகரம், ஒரு வேதம், இரு வாசிப்பு

அடுத்த இரு நூற்றாண்டுகளில் இவ்வாதம் எவ்வளவு முற்றியது என்பதற்குத் தென் கரோலினாவில் உள்ள சார்ல்ஸ்டன் துறைமுக நகரம் ஒன்றே போதிய சாட்சி. 1822-ம் வருடம் டென்மார்க் வெஸி என்னும் கறுப்பர் அங்கே அடிமைகளின் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். பணங்கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்ட தச்சர் அவர். பிர்அவ்னின் பிடியிலிருந்து மூஸா (அலை) அவர்கள் பனீ இஸ்ராயீல்களை மீட்டுச் சென்ற வரலாற்றை யாத்திராகமத்திலிருந்து படித்துக்காட்டி, அந்த அடிமைகள் நாமே என்று அவர் போதித்ததாக விசாரணையில் கூறப்பட்டது. அவரையும் சேர்த்து 35 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

அவ்வருட முடிவில் அதே மாகாணத்தின் பாப்டிஸ்ட் சபைத் தலைவர் ரிச்சர்ட் ஃபர்மன் என்னும் பாதிரியார் கவர்னருக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார். தாமே அடிமைகளை வைத்திருந்தவர் அவர். அடிமை வைத்திருப்பது வேதத்துக்கு விரோதமன்று என்பது அவர் கட்சி. பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேலர் அந்நிய ஜாதியாரிடமிருந்து அடிமைகளை வாங்கலாம் என்று லேவியராகமம் அனுமதித்திருக்கிறது. புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர்கள் அடிமைகளைக் கீழ்ப்படியச் சொன்னார்களேயன்றி, எஜமானர்களை அடிமைகளை விட்டுவிடும்படி கட்டளையிடவில்லை.

பிறர் உனக்குச் செய்ய விரும்புவதை நீ பிறருக்குச் செய் என்ற உபதேசம் இருக்கிறதே என்று கேட்டால், அதற்கும் விடை வைத்திருந்தார். மகன் தனக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று தகப்பன் ஆசைப்படலாம்; அதற்காகத் தகப்பன் மகனுக்குக் கீழ்ப்படிவதா? ஆண்டவன் வகுத்த ஒழுங்குக்கு மாறாக அந்த உபதேசத்தைப் பிரயோகிக்கக் கூடாது என்றார். மகனைத் தகப்பன் சந்தையில் விற்பதில்லை என்பது ஏனோ அவர் நினைவுக்கு வரவில்லை.

மறு கட்சியாரும் அதே புத்தகத்தைத்தான் எடுத்து வந்தனர். மனிதனைத் திருடி விற்பவனுக்கு மரண தண்டனை என்று யாத்திராகமம் விதிக்கிறது. ஆப்பிரிக்கக் கரையில் நடந்தது திருட்டன்றி வேறென்ன என்று கேட்டனர். எஜமானிடமிருந்து தப்பி வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்காதே என்று உபாகமம் கூறுவதை எடுத்துக்காட்டினர். மனித இனம் முழுவதும் ஒரே இரத்தத்தில் தோன்றியது என்று அப்போஸ்தலர் நடபடிகளும், கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் பேதமில்லை என்று கலாத்தியர் நிருபமும் கூறுவதை முன்வைத்தனர்.

நூஹ் நபி (அலை) அவர்களுடைய சாபத்தைப் பற்றிய வாதம் இன்னும் விசித்திரமானது. ஆதியாகமத்தின்படி நோவா சபித்தது தம் மகன் காமை அன்று; காமின் மகனாகிய கானானை. தோலின் நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் கறுப்பு மக்கள் காமின் சந்ததியார், ஆகவே பிறவி அடிமைகள் என்று பிரசங்கித்தார்கள். சாபத்தைப் பெயர் மாற்றி வேறொருவன் தலையில் பற்று எழுதிவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஒரே ஓர் அத்தியாயம் உடைய பிலேமோன் நிருபத்துக்கும் இக்கதியே. ஒநேசிமு என்னும் அடிமையைப் பவுல் அவனுடைய எஜமானிடம் திருப்பி அனுப்புகிறார். பார்த்தீர்களா, ஓடிப்போன அடிமையைத் திருப்பி அனுப்பினார் என்றது ஒரு கட்சி. அடிமையாக அன்று, அருமைச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எழுதியல்லவா அனுப்பினார் என்றது மறு கட்சி.

இவ்வாதம் சபைகளை உடைத்தது. அடிமைகளை உடைய ஒரு பிஷப்பின் பொருட்டு 1844-ம் வருடம் மெதடிஸ்ட் சபை இரண்டாயிற்று. அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகப் போகலாமா என்ற தகராறில் 1845-ம் வருடம் தென் பகுதி பாப்டிஸ்டுகள் தனியே பிரிந்தனர். தங்கள் முன்னோர் செய்தது பாவம் என்று அந்தத் தென்னகச் சபை வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது 1995-ம் வருடத்தில். சரியாக 150 வருடங்கள் கழித்து. இடையே 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. இரு தரப்பாரும் ஒரே வேதத்தை ஓதி ஒரே கடவுளிடம் பிரார்த்திக்கிறார்கள் என்று ஜனாதிபதி லிங்கனே தம் உரையில் வருத்தத்தோடு குறிப்பிட்டார்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடிமை முறையை ஆதரித்தவர்கள் வசனங்களைக் கற்பனை செய்யவில்லை. பல இடங்களில் எழுத்து அவர்கள் பக்கம் இருந்தது. அவர்கள் மூடர்களும் அல்லர். மொழி அறிந்தவர்கள், தொழுகையாளிகள், தர்மவான்கள். இதுதான் இவ்வரலாற்றில் நம்மைக் கலங்க வைக்கும் பகுதி. பொல்லாதவன் வேதத்தைப் புரட்டினான் என்றால் கதை எளிதாய் முடிந்துவிடும். நல்லவர்களே இவ்வாறு படித்தார்கள் என்றால், நாம் எப்படிப் படிக்கிறோம் என்று திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

ஏடு குறைந்த வேதம்

மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று 1807-ம் வருடம் லண்டனில் ஒரு பைபிள் அச்சிட்டார்கள். பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒன்பது பங்கும், புதிய ஏற்பாட்டில் ஏறக்குறையப் பாதியும் அதில் இல்லை. இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையான வரலாறு இல்லை. அடிமையென்றும் சுயாதீனனென்றும் பேதமில்லை என்ற வசனம் இல்லை. வேலைக்காரர்கள் எஜமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் நிருப வசனம் மட்டும் பத்திரமாக இருந்தது!

அச்சிட்டவர்கள் தம்மையறியாமலே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். முழுப் புத்தகத்தையும் அடிமையின் கையில் கொடுத்தால் அவன் என்ன படிப்பான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வரவுப் பக்கத்தை மட்டும் காட்டிப் பற்றுப் பக்கத்தைக் கிழித்த பேரேட்டைக் கொண்டுவருபவனுடைய கணக்கை எந்த வியாபாரி ஏற்பான்?

அதே 1807-ம் வருடத்தில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அடிமையாக இறக்கப்பட்டவர்களில் ஒரு முஸ்லிம் ஆலிமும் இருந்தார். செனகல் ஆற்றங்கரையிலுள்ள ஃபூத்தா தோரோ நாட்டைச் சேர்ந்த உமர் இப்னு ஸயீத் அவர் பெயர். இருபத்தைந்து வருடங்கள் கல்வி கற்றவர். பிற்கால எஜமானர் அவரைக் கண்ணியமாகவே நடத்தினார். அரபு மொழிப் பைபிள் ஒன்றும் அவருக்குக் கிடைத்தது. விடுதலை மட்டும் கிடைக்கவில்லை. 1831-ம் வருடம் அவர் தம் வாழ்க்கை வரலாற்றை அரபியில் எழுதினார். அதன் முகப்பில் அவர் எழுதிவைத்தது சூரத்துல் முல்க். ஆட்சியும் உடைமையும் எவன் கையில் உள்ளன என்று சொல்லித் தொடங்கும் அத்தியாயத்தை, தன்னைப் பிறர் உடைமை என்று சட்டம் சொன்ன நாட்டில் அமர்ந்து அவர் எழுதினார். வேறு விளக்கவுரை வேண்டுமா? அடிமை முறை ஒழிவதற்கு முன்னரே அவர் மறைந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதி இன்று அமெரிக்கப் பாராளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

நம் கரையிலும் அதே வழக்கு

இவ்வழக்கு நம் தாய்நாட்டிலும் நடந்தது. எஸ்.பி.ஜி. என்னும் ஆங்கிலேய மிஷன் சங்கத்தைத் திருநெல்வேலி, தஞ்சைப் பகுதிகளில் அறியாதார் இல்லை. கால்டுவெல் பணியாற்றியதும் அச்சங்கத்தில்தான். அதே சங்கம் பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டம் உடைய எஜமானாகவும் இருந்தது. அத்தோட்டத்து அடிமைகளின் மார்பில் சங்கத்தின் பெயரைச் சூட்டுக்கோலால் பொறித்த காலமும் உண்டு. 1833-ம் வருடம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமைகளை விடுவிக்கச் சட்டம் செய்தபோது 2 கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது, எஜமானர்களுக்கு! அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபை இதற்காக 2006-ம் வருடம் மன்னிப்புக் கோரிற்று.

அப்பொழுது நாகர்கோவிலை உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூரில் கதை வேறு விதமாக நடந்தது. புலையர், பறையர் முதலானோர் அங்கே நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர். கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் 1843-ம் வருட 5-வது சட்டம் அடிமை உரிமையைக் கோர்ட்டுகள் அங்கீகரிக்கலாகாது என்று தடுத்த பின்னரும் சமஸ்தானத்தில் அது நீடித்தது. 1847-ம் வருடம் மிஷனரிமார் ஒன்றுகூடி மகாராஜாவிடம் மனுக்கொடுத்தனர். 1853-ல் சர்க்கார் அடிமைகளின் பிள்ளைகளுக்கும், 1855-ல் எல்லோருக்குமாக விடுதலை வந்தது. இந்தப் புகழை மறைப்பது நியாயமன்று. ஆனால் அந்த அடிமைகளை வைத்திருந்த நிலச்சுவான்தார்களில் நம்பூதிரிகளும் நாயர்களும் மட்டுமின்றி, பல நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவர்களாயிருந்த சிரியன் குடும்பத்தாரும் இருந்தனர். மனுச் செய்தவரும் கிறிஸ்தவர், அடிமை வைத்திருந்தவரும் கிறிஸ்தவர்.

சட்டம் விடுவித்த பின்னும் மனம் விடுவிக்கவில்லை. 1879-ம் வருடம் பிறந்த பொய்கையில் யோஹன்னான் என்பவர், சிரியன் குடும்பமொன்றுக்குக் கட்டுப்பட்டிருந்த பறையர் குடியில் தோன்றியவர். வேதம் கற்று உபதேசியாரானார். கோவிலுக்குள் தம் மக்கள் ஒதுக்கப்படுவதைக் கண்டார். அப்புத்தகத்திலோ வேறெந்த வரலாற்றிலோ தம் இனத்தாரைப் பற்றி ஓரெழுத்தும் இல்லையே என்று பாடிச் சபையை விட்டு வெளியேறித் தனி இயக்கம் கண்டார். வேதம் அவரைக் கைவிடவில்லை. வேதத்தை வாசித்துக்காட்டியவர்கள் கைவிட்டார்கள். எத்தனை பேர் மார்க்கத்தை விட்டுப் போவது மார்க்கத்தினால் அல்ல, மார்க்கவாசிகளால் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எந்தச் சாட்சியை ஏற்பது?

இப்பொழுது நம் முக்கியக் கேள்விக்கு வருவோம். இரு தரப்பிலும் வசனம் இருக்குமானால், எந்த விளக்கத்தை நம்புவது? மனச்சாட்சிப்படி நடப்போம் என்று சிலர் சொல்வர். அப்படியானால் வேதம் எதற்கு, ஆளுக்கொரு மனச்சாட்சி அல்லவா இருக்கிறது என்று மற்றவர் கேட்பர். இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அடிமை முறையை ஆதரித்தவர்களும் இதையேதான் கேட்டார்கள்.

இதற்கு நம் ஷரீஅத்தின் நீதிமன்றத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒருவன் தனக்கு எதிராகத் தானே கொடுக்கும் வாக்குமூலம் இக்ரார், அது ஏற்கப்படும். ஒருவன் தன் லாபத்துக்காகத் தானே கூறும் சாட்சியம் ஏற்கப்படாது. அவன் பொய்யன் என்பதற்காக அன்று. நப்ஸு மனிதனின் கண்ணை மறைக்கும் என்பதற்காக. வழக்கில் இவ்வளவு எச்சரிக்கை தேவையென்றால், வேதத்துக்கு விளக்கம் சொல்வதில் எவ்வளவு எச்சரிக்கை தேவை! வசனத்தை விளக்குபவனுக்கு அவ்விளக்கத்தால் லாபமா, நஷ்டமா என்று முதலில் பார்க்க வேண்டும். லாபமானால் இன்னொரு முறை, முழுவதையும், எதிராளியின் இடத்தில் நின்று படிக்க வேண்டும்.

இதற்கு ஒரு வியாபாரியின் உதாரணத்தைத் தருகிறோம். ஜான் வூல்மன் என்பவர் அமெரிக்காவின் நியூஜெர்ஸியில் வாழ்ந்த குவேக்கர் கிறிஸ்தவர். 1740-களில் ஒரு கடையில் கணக்கெழுதும் இளைஞராக இருந்தார். ஒரு நாள் முதலாளி, ஒரு கறுப்புப் பெண்ணை விற்றுவிட்டதாகவும் விற்பனைச் சீட்டு எழுதும்படியும் சொன்னார். வாங்குபவர் காத்திருந்தார். முதலாளியின் சொல்லைத் தட்ட முடியாமல் எழுதிக் கொடுத்தார். ஆனால் அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்குப் பொருந்தாது என்று இருவர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அதன்பின் அப்படியொரு சீட்டையோ, அடிமைகளைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் உயிலையோ எழுத மறுத்தார், கூலி போயிற்று. கடை பெருகியபோது மனத்தை விழுங்கிவிடும் என்று வியாபாரத்தைக் குறைத்துத் தையல் வேலையோடு நின்றார். அடிமைகள் உள்ள வீட்டில் தங்க நேர்ந்தால், அவர்கள் செய்த பணிவிடைக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். வீடு வீடாய்ச் சென்று சபையாரிடம் பணிவோடு பேசினார். அவர் 1772-ல் இறந்து நான்கு வருடத்தில், பிலடெல்பியா குவேக்கர் சபை அடிமை வைத்திருப்போர் தம் சபையில் இருக்கலாகாது என்று தீர்மானித்தது.

வூல்மன் படித்ததும் ஃபர்மன் படித்ததும் ஒரே பைபிள். ஒருவருடைய விளக்கம் அவருடைய கைப்பொருளைக் குறைத்தது. மற்றவருடைய விளக்கம் அவருடைய கைப்பொருளைக் காத்தது. நஷ்டப்பட்டவன் சொல்வதெல்லாம் சத்தியம் என்று நாம் வாதிக்கவில்லை. நஷ்டப்பட்டும் தவறு செய்பவர்கள் உண்டு. ஆயினும் எந்தச் சாட்சியை முதலில் சந்தேகிப்பது என்று கேட்டால், லாபமடைந்தவருடைய சாட்சியைத்தான்.

நம் வீட்டுக் கணக்கு

இதே அளவுகோலை நம்மேல் வைத்துப் பார்ப்போம். திருக்குர்ஆன் அடிமையை விடுவிப்பதை ஏறுதற்கரிய பாதை என்று வருணிக்கிறது. பல குற்றங்களுக்கு அதையே பரிகாரமாக்கியது. ஜகாத் நிதியில் அதற்கென்று ஒரு பங்கு வைத்தது. ஆனால் அடிமை முறையை ஒரே கட்டளையில் தடுத்துவிடவில்லை. அடிமை இஸ்லாத்தை ஏற்றதனால் மட்டும் விடுதலையாவான் என்று நம் சட்ட நூல்களும் கூறவில்லை. ஆகவே நம் முன்னோருக்கும் இரு வாசிப்பு சாத்தியமாயிற்று.

விடுதலைக்காகப் பணம் செலுத்தும் ஒப்பந்தத்தை அடிமை கேட்டால், அவனிடம் நன்மையைக் கண்டால் எழுதிக் கொடுங்கள் என்று சூரத்துந் நூர் பணிக்கிறது. இது கட்டாயமா, விரும்பத்தக்கது மட்டுமா? விரும்பத்தக்கது என்றே பெரும்பாலான இமாம்கள் கருதினர். ஆனால் ஸீரீன் என்னும் அடிமை அனஸ் (ரலி) அவர்களிடம் இவ்வொப்பந்தம் கேட்டு, அவர்கள் மறுத்தபோது, கலீபா உமர் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள் என்பது புகாரி ஷரீபில் இருக்கிறது. சவுக்கை எடுத்து, அந்த வசனத்தையும் ஓதிக் காட்டினார்கள். அனஸ் (ரலி) அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கனவு விளக்கத்துக்குப் பேர்பெற்ற இப்னு ஸீரீன் அந்த ஸீரீனின் புதல்வரே. நாயகத்தின் (ஸல்) பணிவிடையாளராயிருந்த பெரியாருக்கே நினைவூட்டல் வேண்டியிருந்ததென்றால், நாம் எம்மாத்திரம்?

காமின் சாபக் கதையும் நம்மவர்களிடையே புகுந்தது. கறுப்பு நிறம் தட்பவெப்பத்தால் வருவதென்று இப்னு கல்தூன் அதனை மறுத்தார். திம்புக்தூவின் அஹ்மத் பாபா 1615-ம் வருடம், நிறத்தை வைத்து எவரையும் அடிமையென்று கருதலாகாது என்று பத்வாக் கொடுத்தார். அப்படியும் அரேபியாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1962-ம் வருடத்தில்தான்.

இம்மலாயா மண்ணையும் மறக்கலாகாது. பேராக்கில் கடனுக்கு அடிமையாகும் வழக்கம் இருந்தது. பெருந்தனக்காரரிடம் கடன்பட்ட ஏழை அடைக்க இயலாதபோது, அவனும் மனைவி மக்களும் அவர் வீட்டில் உழைக்க வேண்டும். அவ்வுழைப்பு கடனில் கழிக்கப்படுவதில்லை. ஆகவே கடன் தீர்வதுமில்லை. ஆங்கிலேய ரெசிடெண்ட் பர்ச் 1875-ல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டதற்கு இருந்த பல காரணங்களில், ஓடிவந்த அடிமைப் பெண்களுக்கு அவர் புகலிடம் அளித்ததும் ஒன்று. ஆங்கிலேயர் இவ்வழக்கத்தைத் தம் தலையீட்டுக்குச் சாக்காகவும் கொண்டனர். அதனால் வழக்கம் இல்லையென்றாகிவிடாது. 1883-ம் வருட முடிவில்தான் அது ஒழிக்கப்பட்டது. நாகூர்த் தமிழ்ப் பெண்ணின் வழிவந்தவரும், பாதிரிமாருக்கு மலாய் கற்பித்துப் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவியவருமான முன்ஷி அப்துல்லா, அடிமைக் கப்பல்களின் கொடுமையைக் கண்டு தம் சரிதத்தில் மனமுருகி எழுதியிருக்கிறார். கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கவும், தள்ளிவிடுவது அதனினும் நன்று என்றும் சூரத்துல் பகரா கூறுகிறது. பேராக்கின் பிரபுக்கள் அதை ஓதாதவர்களா?

வெள்ளைத்துரைமாரும் அடிமை முறையை ஒழித்துவிட்டு நம் தமிழ் மக்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினர். 1910-ல் ஒப்பந்த முறை நின்றது. கங்காணியின் முன்பணம் தொடர்ந்தது. 1941-ம் வருடம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின. பெயர் மாறினால் பொருள் மாறிவிடுவதில்லை.

இன்றைய கல்லாவின் முன்

இன்று நம்மில் எவரும் அடிமை வைத்திருக்கவில்லை. நம் கடை முதலாளிகளில் பலர் வேலையாட்களைப் பிள்ளைகளைப் போல் நடத்துகிறார்கள். அவர்கள் வீட்டுத் திருமணத்துக்கும் மருந்துக்கும் கொடுக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் சில இடங்களில் ஊர்ப்பையனின் பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கிறது. ஏஜெண்டுக்குக் கொடுத்தது, பெர்மிட்டுக்குக் கட்டியது என்று மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. எவ்வளவு பிடித்தாயிற்று, எவ்வளவு பாக்கி என்று அவனுக்குத் தெரியாது. தாயின் மவுத்துக்கு ஊர் போகக் கேட்டாலும், கணக்கு முடியட்டும் என்ற பதில் வருகிறது.

முதலாளியின் பக்கமும் நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கில் செலவு செய்து வரவழைத்த ஆள், மூன்றாம் மாதமே நூறு வெள்ளி கூடத் தருகிறவனிடம் ஓடிப்போனால் யார் ஈடு செய்வது? மெய்தான். ஆனால் கடனுக்குக் கடனாளியின் பொருள் பொறுப்பு. அவன் உடல் பொறுப்பாகாது. பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது உடலைப் பிடித்துவைப்பதற்குச் சமம். நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. பிறருடைய பாஸ்போர்ட்டை அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ம் வருடச் சட்டப்படி குற்றம். வேலைச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்தின்படி, 2023 ஜனவரி முதல் கட்டாய உழைப்பும் தனிக் குற்றமாகும்.

சட்டத்துக்கு அஞ்சி நடப்பதைவிட மார்க்கத்துக்கு அஞ்சி நடப்பது மேலானது. திருமறையின் மிக நீண்ட ஆயத்து கடனை எழுதிவைப்பதைப் பற்றியது என்பதை வியாபாரிகளாகிய நாம் அறிவோம். அதில், கடன்பட்டவனே வாசகம் சொல்ல எழுதப்பட வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதைக் கவனித்தோமா? கொடுத்தவன் தன் விருப்பப்படி எழுதிக்கொள்ளும் கணக்கு அங்கே செல்லாது. ஆகவே முன்பணக் கணக்கு பையனுக்குத் தெரியும் மொழியில், அவன் ஒப்புதலோடு எழுதப்படட்டும். பிரதி அவனிடம் இருக்கட்டும். பாஸ்போர்ட் அவன் பெட்டியில் இருக்கட்டும். சம்பளம் தேதி தவறாமல் போகட்டும். சுதந்திர மனிதனை விற்று அக்கிரயத்தைப் புசிப்பவனுக்கும், வேலையை முழுவதும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கும் மறுமையில் தானே எதிர்வாதி என்று அல்லாஹ் கூறுவதாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இவ்விருவரையும் ஒரே ஹதீஸில் சேர்த்து வைத்ததன் கருத்தை ஊன்றி நோக்குங்கள்.

நமக்கு ஆகுமாக்கப்பட்டது எது என்று ஆலிம்களிடம் கேட்கும்போது, அவ்விடையால் நம் கல்லா நிறையுமா குறையுமா என்பதையும் சேர்த்துப் பார்ப்போம். நிறையுமானால், அந்தக் கேள்வியை ரொட்டி வீசும் பையனின் இடத்தில் நின்று இன்னொரு முறை கேட்போம். நாளை பிர்தவ்ஸின் வாயிலில் அவன் முதலாளி, இவன் கூலி என்று தனி வரிசை இராது. கணக்கேடு மட்டும் இருக்கும், இரு பக்கமும் கிழியாமல்.

வல்ல அல்லாஹ் தன் வேதத்தை நமக்குச் சாதகமாக வளைக்காமல், வேதத்துக்கு நம்மை வளைத்துக்கொள்ளும் தௌபீக்கை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.